தோட்டத்து மயானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாத்தா பாட்டியைப் புதைத்த குடும்பங்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்படுகிறது. பிள்ளைகள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிந்துவிட்டன, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. மயானம் மட்டும் அங்கேயே இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் மூன்று வேலைகள் நடக்க வேண்டும்: யார் எங்கே கிடக்கிறார்கள் என்ற பதிவு, நிலத்தின் எல்லையைக் காட்டும் வரைபடம், மாநில அரசின் கெசட் (அரசிதழ்) அறிவிப்பு. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் சுற்றித்தான் வரும்.

எங்கள் தோட்டத்து மயானம் எவ்வளவு பழமையானதாக இருக்கும்?

கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டிலேயே ரப்பர் கன்று நட்டுவிட்டார்கள். ஆனால் தோட்டங்கள் பெருகி, கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்துக் கப்பலேற்றியது 1900-க்குப் பிறகுதான். கூலியாட்கள் மலாயாவுக்குப் புறப்படுவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. ஆகவே தமிழ்நாட்டில் பிறந்து இங்கே மண்ணானவர்களின் கல்லறைகள், நடுத்தர வயதுத் தோட்டமாக இருந்தால், 1905 முதல் 1980 வரை பரவிக் கிடக்கும்.

மயானத்தின் வயதை, கல்லில் உள்ள மிகப் பழைய தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் தலைமுறைக்குக் கல் வைக்கப் பணம் இல்லை. பலகை நட்டார்கள், அல்லது தலைமாட்டில் ஒரு செடி வைத்தார்கள். பலகையைக் கறையான் பத்து ஆண்டுக்குள் தின்றுவிடும். சிமெண்டுக் கல்லறைகள் பரவலாக வந்தது பிற்காலத்தில். அதனால் பழைய பகுதி வெறும் புல்வெளியாகத் தெரியும், புதிய பகுதியில்தான் கட்டடம் இருக்கும். வெறுமையாகத் தெரியும் மூலையில்தான் ஆட்கள் அதிகம் இருப்பார்கள். காடு திருத்திய முதல் ஆண்டுகளில் மலேரியா மனிதர்களை வாரிக்கொண்டு போனது. அதில் குழந்தைகள் எத்தனையோ பேர்.

மயானம் ஏன் லயத்திலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிறது?

தோட்ட நிர்வாகம் மரம் நட உதவாத துண்டைத்தான் மயானத்துக்கு ஒதுக்கும். ஓடைக்கரை, செங்குத்தான சரிவு, பாறை மேடு, எல்லைக்கல் ஓரம் இவைதான் அந்த இடங்கள். கிணற்றுக்கும் லயத்துக்கும் கீழ்ப்பக்கமாக, நீரோட்டம் குடிநீரைத் தொடாதபடி பார்ப்பார்கள்.

இரண்டாவது காரணம் அவசரகாலம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிராக மலாயாவில் அவசரகாலம் வந்தது. பின்னர் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். வேலிக்குள் போன மக்கள் பழைய லயத்தின் பக்கத்திலிருந்த மயானத்தை வேலிக்கு வெளியே விட்டுவிட்டுப் போனார்கள். ஒரே தோட்டத்தில் இரண்டு மயானம் இருந்தால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகியுங்கள். முதியவர்களிடம் ‘பழைய லயம் எங்கே இருந்தது’ என்று முதலில் கேளுங்கள். மயானத்தை அப்புறம் கேட்கலாம். லயம் இருந்த இடம் தெரிந்தால் மயானம் தானாகக் கிடைக்கும்.

பெரிய நகரத்து மயானங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு நம்முடையதற்கு ஏன் இல்லை?

கோலாலம்பூரின் குவாங் தோங் சீன மயானம் 1895 முதல் இருக்கிறது. கோலாலம்பூரை வளர்த்த சீனத் தலைவர் யாப் ஆ லோயின் கல்லறை அங்கேதான். நகரத்துக்கு நடுவே, விலைமதிப்புள்ள மேட்டுநிலத்தில் இன்னும் நிற்கிறது. அதற்கென்று ஒரு நிர்வாகம், பதிவேடு, வாயில், காவல் எல்லாம் உண்டு. தைப்பிங் போர் மயானத்தில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் ஒவ்வொரு கல்லையும் எண்ணிட்டுப் பராமரிக்கிறது. பெயர் தெரியாத வீரனுக்கும் அங்கே ஒரு கல் உண்டு.

சுங்கை சிப்புட்டில் சுடப்பட்ட அந்த மூன்று துரைமாரும் பத்து காஜா கிறிஸ்துவ மயானத்தில் பெயர் செதுக்கிய கல்லுக்குக் கீழே இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அங்கே அவசரகாலத்தில் இறந்தவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது. அதே தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டியவர்களின் கல்லறைகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. தோட்ட மயானத்தைத் தோட்ட ஆபீஸ்தான் நடத்தியது. ஆபீஸ் மூடியதும் நடத்த ஆள் இல்லை. பத்து பேர் கொண்ட ஒரு குழு, ஒரு நோட்டுப்புத்தகம், ஒரு நில அளவு இருந்தாலே இந்தக் குறையில் பாதி தீரும்.

மயான நிலம் யாருக்குச் சொந்தம்?

அநேகமாகத் தோட்டக் கம்பெனிக்கு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நூறாண்டாகப் புதைத்து வருகிறோம், ஆகவே இது எங்கள் மயானம் என்று நினைக்கிறார்கள். கெரானில் (நிலப் பட்டாவில்) அப்படி ஒரு வரியும் இருக்காது. ஆயிரம் ஏக்கர் தோட்டத்துக்கு ஒரே லோட் எண் (நிலத்துண்டு எண்) இருக்கும், மயானம் அதற்குள் அடங்கிய இரண்டு ஏக்கர். கம்பெனி தோட்டத்தை விற்றால் மயானமும் சேர்ந்து விற்பனையாகிவிடும். வாங்கியவர் வீடமைப்புத் திட்டம் போட்டால், அவருடைய வரைபடத்தில் அந்த இரண்டு ஏக்கர் ஒரு சாலையாகவோ கால்வாயாகவோ வரக்கூடும்.

தோட்டத் துண்டாடல் நடந்த இடங்களில் நிலைமை இன்னும் சிக்கல். 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்களைத் தரகர்கள் வாங்கிச் சிறு துண்டுகளாக விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்பட்ட தோட்டத்தில் மயானம் ஐந்து ஏக்கர்க்காரர் ஒருவரின் பங்கில் விழுந்திருக்கும், அல்லது இரண்டு பேர் எல்லைக்கு நடுவே கிடக்கும். அவர்களும் தெரிந்து வாங்கவில்லை. சண்டையோடு போனால் வழியை வேலி போட்டு அடைத்துவிடுவார்கள், பேச்சோடு போங்கள்.

மாவட்ட நில அலுவலகத்தில் ‘சாரியான்’ (நிலப் பதிவுத் தேடல் தாள்) எடுத்துப் பாருங்கள். மாவட்டம், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), லோட் எண் கொடுத்துக் கட்டணம் கட்டினால், உரிமையாளர் யார், நில வகை என்ன, வங்கி அடமானம் உண்டா என்று தாள் வரும். லோட் எண் தெரியாவிட்டால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் அல்லது கோயிலின் லோட் எண்ணை வைத்து வரைபடத்தில் தேடலாம். நில அளவை, வரைபட இலாகாவின் பழைய வரைபடங்களில் சில மயானங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அப்படி ஒரு குறி இருந்தால் நகல் வாங்கி வையுங்கள், பிறகு அதுவே உங்களுக்கு முதல் சாட்சி.

மயானத்தைக் கெசட் செய்ய என்ன படிகள்?

1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு, அரசு நிலத்தைப் பொதுப் பயனுக்கு ஒதுக்கி வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. கவனியுங்கள்: அரசு நிலத்தை. கம்பெனியின் நிலத்தை நேரடியாக ரிசாப் (ஒதுக்கப்பட்ட நிலம்) ஆக்க முடியாது. முதலில் அது அரசிடம் திரும்பி வர வேண்டும். ஆகவே வரிசை இப்படிப் போகும்.

முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம். வாய்மொழி உறுதி வேண்டாம், மேனேஜர் மாறியதும் அது காற்றில் போய்விடும். கடிதத்தில் லோட் எண்ணும் தோராயப் பரப்பும் இருக்கட்டும். அடுத்து, உரிமம் பெற்ற நில அளவையாளர் மயானத்தைத் தனித் துண்டாக அளந்து எல்லைக்கல் போட வேண்டும். அந்தத் துண்டை உரிமையாளர் அரசிடம் ஒப்படைப்பார். நிலம் அடமானத்தில் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. பல விண்ணப்பங்கள் இந்த இடத்தில்தான் ஆண்டுக் கணக்கில் படுத்துவிடுகின்றன. கடைசியாக மாநில அரசு மயானம் என்று பயனைக் குறித்து, பொறுப்பேற்கும் அதிகாரியையும் குறித்து கெசட்டில் வெளியிடும்.

விண்ணப்பத்தோடு என்ன வைப்பது? சாரியான் தாள், வரைபடம், புகைப்படங்கள், கல்லறைப் பட்டியல், பொறுப்பேற்கும் சங்கத்தின் அல்லது கோயிலின் பதிவுச் சான்றிதழ். பட்டியல் இல்லாத விண்ணப்பம் பலவீனமானது. ‘நிறைய பேரைப் புதைத்திருக்கிறோம்’ என்று எழுதினால் அதிகாரிக்குப் பிடிப்பு எதுவும் கிடைக்காது. ‘214 கல்லறைகள், அவற்றில் 131-க்குப் பெயர் உண்டு, பட்டியல் இணைப்பில்’ என்பதுபோல் எழுதினால் கோப்பு நகரும்.

போக்குவரத்து வழியை மறக்காதீர்கள். மயானம் ரிசாப் ஆகி, அதற்குப் போகும் தோட்டத்துச் செம்மண் பாதை தனியார் நிலமாகவே இருந்துவிட்டால், ஒரு நாள் வாயிலில் பூட்டு தொங்கும். அளக்கும்போதே பிண ஊர்தி வந்து திரும்பும் அகலத்துக்கு வழியையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்தக் கெசட் வேலை முடியும் வரை புதைப்பதில் தடை உண்டா?

உண்டு, பார்த்துச் செய்ய வேண்டும். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) புதைகுழி நிலங்களுக்கும் தகன இடங்களுக்கும் உரிமம் கோருகிறது. நம் வட்டாரத்துக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். ஒரு தோட்ட மயானத்தில் பல ஆண்டுகளாக யாரையும் புதைக்கவில்லை என்றால், புதிதாகத் தொடங்குவதற்கு முன் கழகத்தைக் கேளுங்கள். மறுத்தால் பட்டணத்துப் பொது இந்து மயானம் இருக்கிறது.

வீட்டில் ஒருவர் இறந்தால் முதலில் எங்கே போவது?

புதைக்கவோ எரிக்கவோ பெர்மிட் இல்லாமல் எந்த மயானத்திலும் கை வைக்காதீர்கள். மருத்துவமனையில் இறந்தால் மருத்துவமனையே தாள் கொடுத்துவிடும். வீட்டில் இறந்தால் மரணத்தை உறுதிப்படுத்துவது எப்படி என்பதில் நடைமுறை அவ்வப்போது மாற்றப்படுகிறது. ஆகவே பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ தேசியப் பதிவு இலாகாவுக்கோ போன் போட்டுக் கேட்டுவிட்டு, இறந்தவரின் அடையாள அட்டை, தகவல் சொல்பவரின் அடையாள அட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். விபத்து, தற்கொலை, காரணம் தெரியாத சாவு என்றால் காவல்துறை பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பும். அதற்கு முன் குளிப்பாட்டிச் சடங்கைத் தொடங்கிவிட வேண்டாம்.

பெர்மிட்டின் நகல் ஒன்றை மயானக் குழுவிடம் கொடுங்கள். பதிவேட்டுக்கு அதுதான் ஆதாரம்.

குழி எந்த அளவில் இருக்க வேண்டும்? எதில் தவறு நடக்கிறது?

பெரியவருக்கு 7 அடி நீளம், 3 அடி அகலம், 5 முதல் 6 அடி ஆழம். இந்து முறையில் தலை தெற்கே. பெட்டியின் அளவைக் குழி வெட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது வரும் பெட்டிகளில் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழி போதாமல் பெட்டி பாதியில் சிக்குவது குடும்பத்துக்குப் பெரிய வேதனை. 6 அடி ஆழத்தில் வெட்டினால் ஏறக்குறைய மூன்றரை கன மீட்டர் மண், எடையில் ஐந்தாறு டன் வரும். செம்மண் சரளையில் நான்கு பேருக்கு அரை நாள் வேலை.

மண்ணைக் குழியின் ஒரே பக்கம் கொட்டுங்கள், விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி. விளிம்பிலேயே குவித்தால் அந்தப் பாரத்தில் சுவர் சரியும். உறவினர்கள் வந்து நிற்பதும் அந்த விளிம்பில்தான். அடுத்த குழிக்கும் இதற்கும் இடையில் இரண்டடி கட்டாயம் விட வேண்டும். பழைய குழியின் மண் என்றைக்கும் இளகியதுதான், ஒட்டி வெட்டினால் பக்கச்சுவர் உள்ளே விழும்.

மழைக்காலத்தில் முந்தின இரவே வெட்டி வைக்காதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேலே தகரமும் தார்ப்பாயும் போட்டு, மேட்டுப்பக்கம் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து நீரைத் திருப்பிவிடுங்கள். ஆற்றோரத் தோட்டங்களில் நாலடியிலேயே ஊற்று வரும். தண்ணீரில் பெட்டி மிதக்கும், ஆகவே அங்கே ஆழத்தைக் குறைத்து மேலே மண்மேட்டை உயர்த்துவதுதான் வழி. ஆனால் ஆழம் மூன்றரை அடிக்குக் குறைய வேண்டாம். ஆழமில்லாத குழியைக் காட்டுப்பன்றி கிளறும். செம்பனை வந்தபிறகு பன்றித் தொல்லை அதிகம். புதுக் குழியின் மேல் முள்கிளையும் கனமான கற்களும் முதல் சில வாரங்களுக்குக் கிடக்கட்டும்.

மூடும்போது ஓரடி ஓரடியாகப் போட்டு மிதித்துக்கொண்டு வந்து, கடைசியில் ஓரடி முதல் ஒன்றரை அடி மேடு வையுங்கள். ஒரு மழைக்காலத்தில் அது தரைமட்டம் ஆகிவிடும், சில சமயம் பள்ளமே விழும். பெட்டியின் மூடி உள்ளே அமர்வதால் ஏற்படுவது அது, பயப்பட ஒன்றும் இல்லை. மண் கொண்டுவந்து நிரப்புங்கள்.

ஓர் ஏக்கரில் எத்தனை பேரைப் புதைக்கலாம்?

இடைவெளியோடு ஒரு குழிக்கு 9 அடிக்கு 5 அடி, அதாவது 45 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. பாதை, மரம், சரிவு, சடங்குக் கொட்டகை போனால் 500 முதல் 600 வரைதான் அடங்கும். இரண்டு ஏக்கர் மயானம் பெரிதாகத் தோன்றும், நூறாண்டில் நிரம்பிவிடும்.

கல்லறை கட்டலாமா? எப்போது?

ஒரு வருடம் போகட்டும். திவசத்துக்குள் கட்டிவிட வேண்டும் என்ற அவசரம்தான் விரிசல் விட்ட கல்லறைகளுக்கெல்லாம் காரணம். மண் அமர்வதற்கு முன் போட்ட பலகை நடுவில் உடையும், அல்லது தலைமாடு ஒரு பக்கம் சாயும்.

7 அடிக்கு 3 அடி, 4 அங்குல கனத்தில் ஒரு மேற்பலகைக்கு 7 கன அடி கான்கிரீட் வேண்டும். சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, சல்லி நான்கு என்ற கலவையில், 50 கிலோ மூட்டை இரண்டு வாங்கினால் சேதாரத்தோடு சரியாக இருக்கும். உள்ளே பி.ஆர்.சி. கம்பி வலை, அடியிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்தி, சிறு கற்களின் மேல் அமரட்டும். வலை தரையோடு ஒட்டிக் கிடந்தால் துருப்பிடித்து அடிப்பக்கக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். பலகையைக் குழியின் மேல் நேராக அமர்த்தாமல், நான்கு பக்கமும் வெட்டாத மண்ணில் அரையடி ஏறும்படி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு ஏற்றபடி நீள அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பளிங்கு ஓடுகள் வேண்டாம். வெயிலிலும் மழையிலும் ஐந்தாறு வருடத்தில் உப்பி விழும், உடைந்த ஓடு புல் வெட்டுபவரின் காலைக் கிழிக்கும். பெயருக்குக் கறுப்புக் கருங்கல்லில் ஆழமாகச் செதுக்கிய எழுத்து நீடிக்கும். வர்ணத்தில் எழுதியது பத்து வருடம் தாங்குவதே அபூர்வம். பெயரோடு தந்தை பெயர், பிறந்த ஊர், இறந்த தேதி, தோட்டத்தின் பெயர் இருக்கட்டும். தோட்டத்தின் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஐம்பது வருடம் கழித்துத் தேடுபவருக்கு அதுதான் முக்கியம்.

விறகில் எரிப்பதா, மின்சுடலையா?

ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்த காலத்தில் தோட்டத்தில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. இப்போது விறகு விலைக்கு வாங்க வேண்டும். ஓர் உடலுக்கு 400 முதல் 500 கிலோ காய்ந்த விறகு தேவை. பச்சை மரம் அல்லது மழையில் நனைந்தது என்றால் இன்னும் நூறு கிலோ சேர்த்தாலும் பாதியில் நிற்கும். அப்போது யாராவது மண்ணெண்ணெயை ஊற்றப் போவார்கள், அந்த நேரத்தில்தான் கை முகம் கருகுகிறது. நெய், கற்பூரம், தேங்காய் மட்டை, வறட்டி இவற்றால் கீழிருந்து மெல்லத் தீ ஏற வேண்டும். அடுக்கும்போது அடியில் காற்றுப் போகக் குறுக்குக் கட்டைகள் வைத்தால் ஐந்தாறு மணி நேரத்தில் முடியும். அஸ்தி எடுப்பது மறுநாள் காலை.

மின்சுடலையில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இறந்தவர் உடலில் இதயத்துடிப்புக் கருவி இருந்தால் முன்கூட்டியே சொல்லி அகற்ற வேண்டும். சூட்டில் அது வெடித்து உலையைச் சேதப்படுத்தும். பெட்டியில் உலோகக் கைப்பிடி, கண்ணாடி, நெகிழிப் பூமாலை, ரப்பர்ச் செருப்பு எதையும் விட்டுவிடாதீர்கள். கிடைக்கும் சாம்பல் இரண்டு முதல் மூன்று கிலோ. ஆற்றில் கரைக்கும்போது சாம்பலை மட்டும் விடுங்கள், நெகிழிப் பையையும் தெர்மோகோல் தட்டையும் கரையேற்றிக் கொண்டுவந்துவிடுங்கள்.

பதிவேடு எப்படித் தொடங்குவது?

ஒரு காலத்தில் கிராணி (தோட்ட ஆபீஸ் எழுத்தர்) எழுதி வைத்த தோட்டப் பதிவேடு இருந்தது. தோட்டம் கைமாறும்போது பழைய கோப்புகளை எரித்துவிடுவார்கள். ஆகவே நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் நகராத ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள்: எல்லைக்கல், பாலத்தின் மூலை, மின்கம்பம். மரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், விழுந்துவிடும். அங்கிருந்து கயிறு கட்டி 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மூலைக்கு ஒரு குழாய் அடியுங்கள். நெட்டுக்கு எழுத்து, குறுக்குக்கு எண். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கல்லறைகளை அ1-1, அ1-2 என்று வரிசையாக எண்ணிடுங்கள். கைபேசியின் இடங்காட்டியை மட்டும் நம்பினால் மரநிழலில் பத்து மீட்டர் வரை பிசகும், அதாவது மூன்று முதல் ஆறு கல்லறை தள்ளிப் போய்விடும். அளவு நாடாதான் உண்மை சொல்லும்.

ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியவை: எண், பெயர், கல்லில் உள்ள வாசகம் அப்படியே (எழுத்துப் பிழையோடு), தேதி, கட்டுமானம் என்ன, நிலை எப்படி, தகவல் சொன்னவர் யார், இரண்டு புகைப்படம். பெயர் தெரியாத மேட்டுக்கும் பள்ளத்துக்கும் எண் கொடுங்கள். ‘பெயர் தெரியவில்லை’ என்பதும் ஒரு பதிவுதான். அந்த எண் இல்லாவிட்டால் வரைபடத்தில் அது காலி நிலம்.

முதியவர்களை மயானத்துக்கே அழைத்துப்போய்க் கேளுங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் பெயர் வரும், இடம் வராது. அம்மாச்சிமார்களுக்குத் தாத்தாக்களை விட அதிகம் ஞாபகம் இருக்கும், குறிப்பாகக் குழந்தைகளின் குழிகள். அவர்கள் மயானத்துக்கு வர விரும்பாவிட்டால் வாயிலில் நின்று கைகாட்டச் சொன்னாலும் போதும்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க என்ன செய்யலாம்?

மாலை நான்கரை மணிக்குப் போங்கள். சாய்வெயிலில் செதுக்கின பள்ளம் நிழல் காட்டும். மற்ற நேரத்தில் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் பிடியுங்கள், அல்லது முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்புங்கள். பாசியை வெறும் தண்ணீரும் மென்மையான தேங்காய்நார் அல்லது நைலான் புருசும் கொண்டு தேய்க்கலாம். ஆசிட், குளோராக்ஸ் போன்ற வெளுப்பான், கம்பிப் புருசு, தண்ணீர்ப் பீச்சி வேண்டவே வேண்டாம். ஒருமுறை பளிச்சென்று தெரியும், அடுத்த மழைக்குள் எழுத்தின் ஓரம் உதிர்ந்துவிடும். ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறி எழுதிய பழைய கற்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

வாசகத்தில் ‘ஜில்லா’, ‘தாலுகா’ என்று ஊர் விலாசம் இருந்தால் ஓர் எழுத்தும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சொந்தம் தேடும் குடும்பங்களுக்கு இந்த ஒரு வரியே ஒரே தடயமாக இருப்பதுண்டு.

தீபாவளிக்கு முன் சுத்தம் செய்யப் போகிறோம். எதில் கவனம் வேண்டும்?

புல்வெட்டும் இயந்திரத்தைக் கல்லறையிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்துங்கள், மீதியைப் பாராங் கத்தியால் வெட்டுங்கள். நைலான் கயிறு பழைய சிமெண்டின் விளிம்பைக் கொறித்துவிடும். லாலாங் புல்லை வெட்டினால் மூன்று வாரத்தில் திரும்பும். களைக்கொல்லி அடித்தால் வேர் சாகும், ஆனால் சரிவான மயானத்தில் மொத்தப் புல்லையும் கொன்றால் அடுத்த மழையில் மண் கரைந்து மேடுகள் மறைந்துவிடும். பாதையில் மட்டும் அடியுங்கள், குழிகளின் மேல் வேண்டாம்.

உலர்ந்த புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். செம்பனைக்குத் தாவினால் அடுத்த வருடம் வாயில் திறக்காது. பள்ளமான கல்லறைகளின் மேல் நடக்காதீர்கள், உள்ளே வெற்றிடம் இருக்கும். குளவிக்கூடும் நாகமும் உடைந்த ஓடுகளுக்கு அடியில்தான்.

வேர் கல்லறையைப் பிளந்துவிட்ட மரத்தை வெட்டுவதற்கு முன் ஒன்று யோசியுங்கள். பெயர்ப்பலகை இல்லாத காலத்தில் அந்த மரமே அடையாளமாக நடப்பட்டிருக்கலாம். எண்ணிட்டுப் படம் எடுத்த பிறகு வெட்டுங்கள்.

எங்கள் தாத்தா சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை. அவருக்குக் கல்லறை தேட முடியுமா?

தனிக் கல்லறை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது, சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதைக்கு ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கானோர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டு, பாதையோரத்திலேயே கூட்டமாகப் புதைக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். தாய்லாந்தில் காஞ்சனபுரியின் போர் மயானத்தில் இருப்பது 6,982 பேர், போர்க்கைதிகள்தான். ஆசியக் கூலிகளுக்கு அங்கே கல் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது தோட்ட மயானப் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கி, ‘சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள்’ என்று பெயர், தந்தை பெயர், தோட்டம், போன ஆண்டு, சொன்னவர் பெயர் ஆகியவற்றை எழுதுவது. பல தோட்டங்களின் பட்டியலை ஒப்பிட்டால் ஒரே லோரியில் போனவர்கள் தெரியவருவார்கள்.

கம்பெனி கல்லறைகளை வேறிடத்துக்கு மாற்றச் சொல்கிறது. சம்மதிப்பதா?

பட்டியல் கைக்கு வரும் முன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றம் என்றால் புதிய இடம் எழுத்தில், அது கெசட் செய்யப்பட்டதாக, பட்டணத்திலிருந்து போகக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். தோண்டுவதற்கு அதிகாரிகளின் அனுமதி கட்டாயம். தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவிப்பு வர வேண்டும் என்று கேளுங்கள், கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கும் வாரிசுகளுக்கு வேறு வழியில் செய்தி போகாது. உரிமை கோர யாரும் வராத கல்லறைகளையும் அதே செலவில் மாற்ற வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதை எழுதாத இடங்களில் அவை அப்படியே புல்டோசருக்குப் போயிருக்கின்றன.

தோண்டினால் என்ன கிடைக்கும் என்பதையும் குடும்பத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள். நம் மண் புளிப்பானது, ஈரமானது. ஐம்பது அறுபது வருடத்தில் எலும்பு பெரும்பாலும் கரைந்துவிடும். பற்கள், பெட்டியின் ஆணிகள், கறுத்த மண் இவையே மிஞ்சும். ஒன்றும் இல்லை என்று அழுகிறவர்கள் உண்டு. தலைமாட்டிலிருந்தும் நெஞ்சுப் பகுதியிலிருந்தும் மண் எடுத்து வெள்ளைத் துணியில் கட்டி, பழைய எண்ணை அதன் மேல் எழுதி, அந்த எண்ணோடே புதுக் குழியில் வைப்பது முறை. புதிய பட்டியலில் பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நகல் நில அலுவலகத்துக்கு, ஒன்று கோயிலுக்கு, ஒன்று வெளியூரில் இருக்கும் குடும்பம் ஒன்றுக்கு.